அந்நியச் செடி எங்கே பரவும், எங்கே நிற்கும்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஏறும் மலைப்பாதையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1,900 மீட்டர் உயரம் கூடிவிடுகிறது. அடிவாரத்துத் தரிசு நிலங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சரிவு தொடங்கியதும் உண்ணிச்செடி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னும் மேலேறிக் காற்று குளிரத் தொடங்கும் உயரத்தில், யூபடோரியம் என்று மக்கள் அழைக்கும் வெண்ணிறப் பூங்கொத்துப் புதர்கள் ஓடைக்கரைகளிலும் சாலைக்காக வெட்டப்பட்ட மண்சரிவுகளிலும் நெருங்கி நிற்கின்றன. உதகையைச் சுற்றியுள்ள புல்வெளிகளை எட்டும்போது சீகை மரங்களும், ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்னும் மஞ்சள் பூப் புதர்களும் கண்ணில் படுகின்றன.

இவற்றில் எதுவும் இந்த மண்ணில் தோன்றியதன்று. சீமைக்கருவேலம் மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரையுள்ள வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவுக்கும், யூபடோரியம் மெக்சிகோவின் மலைநாட்டுக்கும், சீகை தென்கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கும், கோர்ஸும் புரூமும் மேற்கு ஐரோப்பாவுக்கும் உரியவை. விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும், தோட்ட அழகுக்காகவும் பெரும்பாலும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட இச்செடிகள், நட்டவர் நினைத்த எல்லைக்குள் நிற்கவில்லை. ஆனால் கண்ட இடமெல்லாம் பரவிவிடவும் இல்லை. ஒவ்வொன்றும் தன் தாயகத்தை ஒத்த உயரத்தைக் கண்டடைந்து அங்கேயே பெருகியிருக்கிறது. ஓர் அந்நிய உயிரினம் எங்கே பரவும், எங்கே நின்றுவிடும் என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு காரணிகளை, அதாவது தட்பவெப்பத்தையும் செயல்வாழிடத்தையும் (ஓர் உயிரினத்துக்குத் தேவையான சூழலும், அதில் அது ஆற்றும் பங்கும்), இந்த ஒரே மலைப்பாதையை வைத்தே பெருமளவு புரிந்துகொள்ள முடியும்.

வெளியிலிருந்து வந்த உயிரினங்கள் அனைத்தும் ஆக்கிரமிப்பவை அல்ல. தக்காளி, மிளகாய், மரவள்ளி ஆகியவையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். உழவர் நட்டு, களை எடுத்து, தண்ணீர் பாய்ச்சாவிட்டால் அவை வயலைத் தாண்டிக் காட்டைப் பிடிப்பதில்லை. மனிதரின் துணையின்றித் தாமாகவே இனம் பெருக்கி, உள்ளூர் உயிரினங்களுக்கோ வேளாண்மைக்கோ நலவாழ்வுக்கோ கேடு விளைவிப்பவையே ஆக்கிரமிப்பு அயல் இனங்கள் எனப்படுகின்றன. பல்லுயிர் குறித்த பன்னாட்டு அரசுகளுக்கிடையேயான அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர்களால் புதிய இடங்களுக்குச் சென்று நிலைபெற்ற அயல் இனங்கள் உலகெங்கும் 37,000க்கு மேல் உள்ளன. அவற்றில் கேடு விளைவிப்பவை என்று பதிவானவை 3,500க்கு மேல். பத்தில் ஒன்று அளவுக்கே இருக்கும் இந்தச் சிறு கூட்டத்துக்கு, பதிவாகியுள்ள உயிரின அழிவுகளில் 60 விழுக்காட்டில் பங்கு உண்டு என்று அதே மதிப்பீடு கூறுகிறது.

தட்பவெப்பத்திலிருந்து தொடங்குவோம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே 11 அல்லது 12 டிகிரி வேறுபாடு உண்டு. இந்தச் சராசரியைக் காட்டிலும், ஆண்டில் சில இரவுகள் மட்டுமே நிகழும் ஒன்று செடிகளுக்கு முக்கியமானது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையின் பள்ளத்தாக்குப் புல்வெளிகளில் உறைபனி விழுகிறது. உறைபனியைத் தாங்கும் ஏற்பாடு இல்லாத செடியின் திசுக்களில் நீர் உறையும்போது செல்களின் சவ்வு சிதைந்து, காலையில் வெயில் பட்டதும் தளிர்கள் கருகித் தொங்கிவிடும். சீமைக்கருவேலத்தின் இளஞ்செடி உறைபனிக்குத் தாக்குப்பிடிக்காது, உண்ணிச்செடிக்கும் உறைபனி ஆகாது. கோர்ஸின் நிலை இதற்கு நேர்மாறானது. பிரிட்டனின் கடலோரக் குளிர்காற்றில் பழகிய அச்செடி உதகையின் பனியைப் பொருட்படுத்தாது. சமவெளியின் சித்திரை வெயிலிலும் நீண்ட வறட்சியிலும்தான் அதனால் பிழைக்க முடியாது.

ஓர் உயிரினத்தின் எல்லையை வகுப்பது பெரும்பாலும் ஆண்டுச் சராசரி அன்று, ஆண்டின் மிகக் கடுமையான சில நாட்களே என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் தெளிவாகக் காட்டியிருக்கிறது. செல்லப்பிராணி வணிகத்தின் வழியே வந்த பர்மிய மலைப்பாம்பு, அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகியபோது, அது எவ்வளவு தூரம் பரவக்கூடும் என்று கணிக்க ஆய்வாளர்கள் முயன்றனர். பாம்பின் தாயகமான ஆசியாவின் மாதாந்திர வெப்பநிலையையும் மழையையும் அடிப்படையாகக் கொண்டு 2008இல் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் வரைந்த படம், அந்நாட்டின் தெற்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் அதற்கு ஏற்றது என்று காட்டியது. தட்பவெப்பத்தின் வேறு பல கூறுகளையும் சேர்த்துக் கணித்த மற்றொரு குழுவினர், ஃபுளோரிடாவின் தென்முனையையும் டெக்சாஸின் தென்கோடியையும் தாண்டி அதற்குப் பெரிதாக இடமில்லை என்றனர். 2010 ஜனவரியில் ஃபுளோரிடாவைக் கடுங்குளிர் தாக்கியது. எவர்கிளேட்ஸில் ரேடியோ கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்டுவந்த 10 மலைப்பாம்புகளில் 9 இறந்தன. ஒரே உயிரினத்துக்கு இரண்டு படங்கள் இவ்வளவு வேறுபடக் காரணம், எந்தக் காரணியை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான். செய்திகளில் இத்தகைய படங்கள் வரும்போது, எந்தத் தரவை வைத்து வரைந்தார்கள் என்ற கேள்வியை வாசகர்கள் தவறாமல் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இனிச் செயல்வாழிடத்துக்கு வருவோம். ஓர் உயிரினம் வாழத் தேவையான வெப்பம், ஈரம், ஒளி, மண், உணவு, துணை உயிர்கள் ஆகிய எல்லாவற்றின் தொகுப்பையும், அந்தச் சூழலில் அது ஆற்றும் பங்கையும் சேர்த்துக் குறிப்பதே செயல்வாழிடம். அமெரிக்க உயிரியலாளர் ஜோசப் கிரின்னெல் 1917இல் கலிபோர்னியாவின் ஒரு பறவையைக் கொண்டு இக்கருத்தை விளக்கினார். அவர் பார்வையில் வாழிடச் சூழலே முதன்மை பெற்றது. பத்தாண்டுகளுக்குப் பின் பிரிட்டனின் சார்லஸ் எல்டன், எதை உண்கிறது, எதற்கு உணவாகிறது என்ற உறவுகளை முன்வைத்தார். 1957இல் ஜி. ஈவ்லின் ஹட்சின்சன் இவ்விரண்டையும் ஒரு கணித வடிவத்துக்குள் கொண்டுவந்து, இன்றும் ஆய்வுகளுக்கு அடித்தளமாக இருக்கும் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். போட்டியோ எதிரியோ இல்லாத நிலையில் ஓர் உயிரினத்தால் எங்கெல்லாம் வாழ முடியுமோ அது அதன் அடிப்படைச் செயல்வாழிடம். போட்டியாளர்களும் எதிரிகளும் விட்டுவைத்த இடத்தில் உண்மையில் எங்கே வாழ்கிறதோ அது அதன் உண்மைச் செயல்வாழிடம். இரண்டாவது முதலாவதைவிடப் பொதுவாகச் சிறியது.

இவ்வேறுபாட்டைக் கண்ணால் காணும்படி செய்துகாட்டியவர் ஜோசப் கானெல். ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் கொட்டலசு என்ற ஓட்டுயிரிகளில் இரு இனங்கள் ஒட்டி வாழ்ந்தன. அலை எப்போதாவதுதான் எட்டும் மேல்விளிம்பில் சிறிய இனமும், நீரில் அதிக நேரம் மூழ்கியிருக்கும் கீழ்ப்பகுதியில் பெரிய இனமும் இருந்தன. கானெல் பெரிய இனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, சிறிய இனம் கீழ்ப்பகுதியிலும் நன்றாகவே வாழ்ந்தது. அதை மேலே தள்ளிவைத்திருந்தது பெரிய இனத்தின் நெருக்குதலே தவிர, நீரன்று. பெரிய இனத்தால் மேலே ஏற முடியாததற்குத்தான் வெயிலில் உலர்ந்துபோதல் காரணமாக இருந்தது. 1961இல் வெளியான இந்தச் சோதனையின் முடிவை ஆக்கிரமிப்பு இனங்களுக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் அச்சமூட்டும் உண்மை விளங்கும். தாயகத்தில் ஒரு செடி வளரும் பரப்பு, பக்கத்து உயிர்களால் நெருக்கப்பட்டுச் சுருங்கிய பரப்பாக இருக்கக்கூடும். அந்த நெருக்குதல் இல்லாத புதிய நாட்டுக்கு அது வந்தால், தாயகத்தில் ஒருபோதும் காட்டாத விரிவைக் காட்டலாம்.

கலிபோர்னியாவின் மான்டெரி பைன் மரம் இதற்குச் சிறந்த சான்று. இயற்கையில் அது கலிபோர்னியக் கடற்கரையில் மூன்று சிறு பகுதிகளிலும், மெக்சிகோவை ஒட்டிய இரு தீவுகளிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. தாயகத்தின் படத்தை மட்டும் பார்ப்பவர், கடல்மூடுபனி இல்லாமல் வாழவே முடியாத மென்மையான மரம் என்று அதை முடிவுகட்டிவிடுவார். அதே மரம் நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் மிகப் பரந்த தோட்டங்களாக வளர்க்கப்பட்டு, பல இடங்களில் வேலி தாண்டிப் புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் பரவியிருக்கிறது.

எதிரிகள் இல்லாமை எவ்வளவு வலிமையானது என்பதற்குத் தென்னிந்தியாவின் சப்பாத்திக்கள்ளி வரலாற்றைவிட நல்ல பாடம் இல்லை. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த இக்கள்ளி, இங்குள்ள வறண்ட நிலங்களில் தன்னைத் தின்னும் பூச்சியோ புழுவோ இல்லாத நிலையில் பெருகியது. 1795இல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. செஞ்சாயம் தரும் உயர்ந்த வகைப் பூச்சி என்று எண்ணிக் கொண்டுவரப்பட்ட அது, உண்மையில் அதன் உறவினமான வேறொரு பூச்சி. அதன் சாயம் தரம் குறைந்தது. ஆனால் கள்ளியின் பச்சை மடல்மீது வெண்பஞ்சு போன்ற பொருக்காகப் படிந்து சாற்றை உறிஞ்சிய அப்பூச்சி, ஒரு கள்ளி இனத்தை மடல் மடலாக வாடவைத்து அழித்தது. பயனை உணர்ந்து, 1830களில் அது தென்னிந்தியாவுக்கும் வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டது. இன்னொரு கள்ளி இனத்தை அந்தப் பூச்சி தொடவே இல்லை. அந்தக் கள்ளிக்கு உரிய வேறொரு பூச்சி இலங்கை வழியாக 1926இல் வந்த பிறகே அதுவும் அடங்கியது. இந்த ஆண்டுகள் முழுவதும் தென்னிந்தியாவின் வெயிலும் மழையும் மாறிவிடவில்லை. அப்படியிருந்தும் கள்ளியின் பரப்பு சுருங்கியது என்றால், தட்பவெப்பம் அனுமதித்த இடம் முழுவதையும் ஓர் உயிரினம் நிரப்புமா என்பதை மற்ற உயிர்களே முடிவு செய்கின்றன என்று பொருள்.

இப்போது சீமைக்கருவேலத்தை அருகே சென்று பார்ப்போம். 1870களில் விறகுத் தேவைக்காக அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்த இம்மரத்தின் இனிப்பான காய்களை ஆடும் மாடும் விரும்பித் தின்கின்றன. சதைப்பற்று செரித்துவிடும், கடினமான உறைக்குள் இருக்கும் விதை செரிக்காது. குடல்வழியே போகும்போது உறை சற்று இளகுவதால், சாணத்தோடு வெளிவரும் விதை எளிதில் முளைக்கிறது. மேய்ச்சல் நிலமும் கண்மாய்க் கரையும் வண்டிப்பாதையும் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் எருவோடு சேர்ந்தே விதைப்பு நடந்துவிடுகிறது. முளைத்த செடி தழையைப் பெருக்குவதற்கு முன் ஆணிவேரை ஆழமாக இறக்குகிறது. மேல்மண் காய்ந்து மற்ற நாற்றுகள் மடியும் மாதங்களில், அதன் வேர் ஈரமுள்ள அடுக்கை எட்டியிருக்கும். உவர்மண்ணும் அதற்குத் தடையன்று. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும்.

இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில், ஆண்டின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்து, பின் நீண்ட வறட்சி தொடர்கிறது. மெக்சிகோவின் உலர்நிலங்களில் பழகிய செடிக்கு இது முன்பே அறிந்த ஆண்டுச் சுழற்சி. ஆனால் தட்பவெப்பம் மட்டுமே காரணமாக இருந்தால், மாவட்டத்தின் ஒவ்வொரு அடி நிலத்திலும் அது நின்றிருக்கவேண்டும். ஆண்டுதோறும் உழுது நெல் நடும் வயலில் அது இல்லை. வரப்புக்கு அப்பால், உழவு கைவிடப்பட்ட தரிசில் சில ஆண்டுகளிலேயே புகமுடியாத முள்காடாகிவிடுகிறது. நிழல் அடர்ந்த காட்டுக்குள்ளும் அது நுழைவதில்லை, ஏனெனில் அதன் நாற்றுக்கு முழுவெயில் வேண்டும். தூர்வாராத கண்மாய், மேய்த்துத் தேய்ந்த புறம்போக்கு, விட்டுப்போன வயல் ஆகிய மூன்றும் மனிதர் உருவாக்கிய காலியிடங்கள். அங்கே பழைய செடிகள் பலவீனப்பட்டிருக்கின்றன, போட்டி குறைந்திருக்கிறது, விதை சுமக்கும் கால்நடையும் இருக்கிறது. இம்மரத்தைக் குற்றம் சொல்வது எளிது. நிலத்தை நாம் எந்த நிலையில் விட்டோம் என்பதை அதற்கு முன் கேட்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதேவேளை, பல குடும்பங்கள் கரிமூட்டம் போட்டு இந்த மரத்தால்தான் வாழ்கின்றன என்பதையும் மறந்துவிடக்கூடாது.

நீரிலும் இதே விதிதான். ஆகாயத்தாமரையின் தாயகம் அமேசான் ஆற்றுப்பகுதி. வெப்பமான நன்னீர் எங்கிருந்தாலும் அது வாழும். சாதகமான சூழலில் இரு வாரங்களுக்குள்ளாகவே அதன் பரப்பு இரட்டிப்பாகக்கூடும். சாக்கடைக் கழிவு கலந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த ஏரிகளில் அது நீர்ப்பரப்பு முழுவதையும் மூடுகிறது. அதே ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தில் உப்பு ஏறியதும் கருகி மடிகிறது. வெப்பநிலை ஒன்றேயாயினும் உப்பு அதன் எல்லையாகிறது.

இவ்வளவையும் படித்த பின் ஒரு கேள்வி எழும். தாயகத்தின் தட்பவெப்பத்தை அறிந்தால் ஒரு செடி எங்கே பரவும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? நடைமுறையில் ஆய்வாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஓர் இனம் பதிவான இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் திரட்டி, அந்த இடங்களின் வெப்பம், மழை, வறட்சி மாதங்கள் ஆகியவற்றோடு இணைத்து, அதே சேர்க்கை உலகில் வேறெங்கே உள்ளது என்று கணினியைக் கொண்டு தேடுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்ற புள்ளி நாப்வீட் என்ற களை, தாயகத்தில் இருந்த தட்பவெப்ப எல்லையைத் தாண்டி அங்கே பரவியிருக்கிறது என்று 2007இல் வெளியான ஆய்வு இம்முறைமீது ஐயத்தைக் கிளப்பியது. பின்னர் 2012இல், கண்டம் விட்டுக் கண்டம் சென்ற 50 நிலத்தாவரங்களை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு, பெரும்பாலானவை தாயகத்தின் தட்பவெப்ப எல்லையைப் பெரிதாக மீறவில்லை என்று கண்டது. அவற்றில் 15 விழுக்காட்டுக்கும் குறைவானவையே குறிப்பிடத்தக்க அளவு புதிய தட்பவெப்பத்துக்குள் நுழைந்திருந்தன. ஆகவே கணிப்பு பெரும்பாலும் கைகொடுக்கும், சில இனங்களில் பொய்க்கும்.

பொய்ப்பதற்கு ஒரு காரணம், வந்த உயிரினமே மாறிவிடக்கூடும் என்பதுதான். 1935இல் கரும்பைத் தாக்கும் வண்டுகளைக் கட்டுப்படுத்த ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரை, வண்டுகளைக் குறைக்கவில்லை. நாட்டின் வடபகுதி முழுவதும் பரவியது. பரவலின் முன்னணியில் இருக்கும் தேரைகளின் பின்னங்கால்கள், பழைய இடங்களில் இருப்பவற்றின் கால்களைவிட நீண்டிருப்பதை ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். விரைந்து செல்பவையே முன்னணியில் சேர்ந்து, அங்கே தமக்குள் இனம் பெருக்குவதால், தலைமுறைக்குத் தலைமுறை பரவலின் வேகமும் கூடியது.

இன்னொரு காரணம் காலம். ஒரு செடி நடப்பட்டுப் பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்துவிட்டுப் பிறகே பரவத் தொடங்கலாம். ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் அயல் மரங்களையும் புதர்களையும் பற்றிய பதிவுகளை ஆராய்ந்தபோது, அறிமுகமானதற்கும் பரவத் தொடங்கியதற்கும் இடையே சராசரியாக 147 ஆண்டுகள் கடந்திருந்தன. நம் தோட்டங்களில் இன்று அழகுக்காக நிற்கும் ஒரு செடி பாதுகாப்பானது என்று சொல்ல, இதுவரை பரவவில்லை என்பது மட்டும் போதாது.

புவி வெப்பமாகும்போது இந்த எல்லைக்கோடுகளே நகர்கின்றன. குளிரால் தடுக்கப்பட்டிருந்த இனங்களுக்கு, கடும் இரவுகள் குறையக் குறைய மேலே ஏற வழி பிறக்கும். நீலகிரியில் உறைபனி இரவுகள் குறைந்தால், இப்போது சரிவின் நடுவில் நிற்கும் உண்ணிச்செடிக்கு மேலேற வாய்ப்பு உண்டு. உச்சியில் இருக்கும் சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் அதற்கு மேல் ஒதுங்க உயரம் இல்லை. அந்தப் புல்வெளிகளை நம்பி வாழும் வரையாட்டுக்கும் வேறு போக்கிடம் இல்லை. வெப்பம் கூடினால் எல்லா அயல் இனங்களும் பெருகும் என்று எண்ணுவதும் சரியன்று. குளிரை விரும்பும் கோர்ஸுக்கு ஏற்ற பரப்பு சுருங்கவும் கூடும்.

அகற்றும் பணியிலும் செயல்வாழிடத்தைப் பற்றிய அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. சீகை மரங்களை வெட்டிவிட்டு நிலத்தை அப்படியே விட்டால், மண்ணுக்குள் பல்லாண்டுகளாக உயிரோடு கிடக்கும் சீகை விதைகள் வெயில் பட்டதும் முளைக்கும். அவற்றைப் பிடுங்கினாலும் யூபடோரியமோ புரூமோ அந்த வெற்றிடத்துக்கு வந்துசேரும். அதனால்தான் மரத்தை அகற்றிய கையோடு நாட்டுப் புற்களைத் தூர் தூராக நட்டு, அவை மண்ணை மூடும்வரை சில ஆண்டுகள் தொடர்ந்து நாற்றுகளைப் பிடுங்கும் முறை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் கையாளப்படுகிறது. சமவெளியில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்த இடத்தில் அதன் உறவினமான நாட்டு வன்னியையும், வெள்வேல், குடைவேல் போன்ற உள்ளூர் மரங்களையும் நடுவதற்கும் இதுவே காரணம். அவை அதே வறட்சியைத் தாங்கும், அதே ஒளியையும் ஈரத்தையும் எடுத்துக்கொள்ளும். நட்ட மரங்கள் வளர்ந்து நிழல் கட்டும்வரை அந்த நிலத்தில் ஆடு மாடுகளை மேயவிடாமல் காப்பதே இதில் மிகக் கடினமான பகுதி.